பார்த்ததற்கும் எழுதியதற்கும் நடுவே: கெர்னல் மெமரியில் ரேஸ் கண்டிஷன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவுக்கு ஒரே நோட்டு, போன் எடுக்க இரண்டு பேர். தை மாத முகூர்த்த நாள் ஒன்றைக் கேட்டு நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் கூப்பிடுகிறார்: "அண்ணே, அந்தத் தேதி காலியா இருக்கா?" முதலாமவர் நோட்டைப் புரட்டுகிறார். தேதிக்கு நேரே ஒன்றும் இல்லை. "காலியாத்தாங்க இருக்கு, அட்வான்ஸ் எவ்வளவு போடறீங்க?" என்று பேச்சு நீள்கிறது. அதற்குள் இரண்டாமவருக்குப் பண்ருட்டியிலிருந்து அழைப்பு. அவரும் அதே வரியைப் பார்க்கிறார். இன்னும் யாரும் எழுதவில்லை. "காலிதாங்க, பணத்தை அனுப்பிடுங்க" என்கிறார். அவர் பேனாவை எடுக்கும்போது அந்த வரியில் நெல்லிக்குப்பத்துக்காரர் பெயர் இருக்கிறது. பண்ருட்டிக்காரரின் அட்வான்ஸோ ஏற்கெனவே வந்து விழுந்துவிட்டது.

இருவரும் நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். பார்த்த நொடியில் இருவர் சொன்னதும் உண்மை. பார்த்ததற்கும் எழுதியதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் உண்மை மாறிவிட்டது. ஒரே பொருளை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தொடும்போது, யார் எந்த வரிசையில் தொட்டார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறிப்போகும் நிலைக்குத்தான் ரேஸ் கண்டிஷன் என்று பெயர்.

இந்தச் சொல் இப்போது எங்கும் புழங்குகிறது. காரணம் தெரியாத கோளாறு எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். கூடவே மூன்று நம்பிக்கைகளும் சுற்றுகின்றன. மெஷின் வேகமாக இருந்தால்தான் வரும் என்பது ஒன்று. நடுவில் கொஞ்சம் தாமதம் வைத்தால் போய்விடும் என்பது இன்னொன்று. லாக் போட்டாயிற்று, இனி வராது என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. அதிகம் கெடுப்பது மூன்றாவதுதான், ஏனென்றால் அது பாதி சரி.

கெர்னல் நடத்தும் லாட்ஜ்

இயங்குதளத்தின் நடுப்பகுதி கெர்னல். ஹார்டுவேரை நேரடியாகத் தொடும் உரிமை அதற்குத்தான். மற்ற புரோகிராம்கள் எல்லாம் அதனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அப்படிக் கேட்டு வாங்கும் பொருள்களில் முக்கியமானது மெமரி.

சனி, ஞாயிறில் நிரம்பி வழியும் புதுச்சேரி லாட்ஜ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் மெமரியைச் சம அளவு அறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அறைக்குப் பேஜ் என்று பெயர். நாம் பயன்படுத்தும் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஒரு பேஜ் 4,096 பைட். 8 ஜிபி ரேம் என்றால் 20,97,152 அறைகள். குழுவாக வந்தவர்கள் தங்கள் அறைகளை 1, 2, 3 என்று தங்களுக்குள் எண்ணிக்கொள்வார்கள். அது உண்மையில் 204ஆ 117ஆ என்பது கவுன்ட்டர் பதிவேட்டில் மட்டும் இருக்கும். அந்தப் பதிவேடுதான் பேஜ் டேபிள். ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனிப் பேஜ் டேபிள் உண்டு.

கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் பிராசஸரின் கோர்கள். எட்டு கோர் கொண்ட போன் என்றால் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் அறை கொடுக்கிறார்கள், காலி செய்கிறார்கள், பதிவேட்டில் எழுதுகிறார்கள். ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலை ஓட்டங்களுக்கு த்ரெட் என்று பெயர். ஒரு புரோகிராமின் த்ரெட்டுகள் எல்லாம் ஒரே பேஜ் டேபிளைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. சிக்கல் பிறக்கும் இடம் இதுதான்.

இங்கே வரிசை பிசகினால் மூன்று விதமாகக் கெடும். ஒரே அறை இரண்டு குழுக்களுக்குப் போகலாம். காலியான அறை "ஆள் இருக்கிறார்" என்றே பதிவேட்டில் கிடந்து வீணாகலாம். மிக மோசமானது மூன்றாவது: அறை காலியாகிப் புதியவர் வந்த பிறகும் பழையவர் கையில் சாவி இருப்பது. இதை யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ என்பார்கள். கெர்னலைக் குறிவைத்து வந்த தாக்குதல்களில் பெரும் பங்கு இந்த வகையைச் சேர்ந்தது.

ஒன்று கூட்டுவது ஒரு வேலையா?

ஓர் அறைக்கு எத்தனை பேரிடம் சாவி இருக்கிறது என்று கெர்னல் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறது. சாவி வாங்கினால் ஒன்று கூடும், திருப்பிக் கொடுத்தால் ஒன்று குறையும், சுழியானால் அறை காலி. இதற்கு ரெஃபரன்ஸ் கவுன்ட் என்று பெயர்.

"ஒன்று கூட்டு" என்று நிரலில் ஒரே வரியில் எழுதினாலும் பிராசஸருக்கு அது மூன்று வேலை: மெமரியிலிருந்து எண்ணைப் படிப்பது, ஒன்று சேர்ப்பது, திரும்ப எழுதுவது. எண்ணிக்கை 1 ஆக இருக்கும்போது இரண்டு கோர்கள் ஒன்றாக வருகின்றன. முதல் கோர் 1 என்று படிக்கிறது. அது எழுதுவதற்குள் இரண்டாவதும் 1 என்று படிக்கிறது. இரண்டும் 2 என்று எழுதுகின்றன. சாவி மூன்று பேரிடம், கணக்கில் இரண்டு. பிறகு இரண்டு பேர் திருப்பிக் கொடுத்ததும் எண்ணிக்கை சுழி. மூன்றாமவர் உள்ளே இருக்கும்போதே அறை இன்னொருவருக்குப் போய்விடும். குறைக்கும்போது இதே மோதல் நடந்தால் நேர்மாறு: இருவர் குறைத்தும் ஒன்றுதான் குறையும், அறை என்றைக்கும் காலியாகாது.

இதற்குத் தீர்வு அட்டாமிக் செயல். படிப்பது, கூட்டுவது, எழுதுவது மூன்றையும் நடுவில் யாரும் புக முடியாதபடி பிராசஸரே ஒரே மூச்சில் முடித்துத் தரும் கட்டளை அது.

பலர் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது. ஒரு கோர் எண்ணிக்கையைச் சுழியாக்கி, அறையைக் காலி செய்யும் வேலையில் இறங்கிவிட்டது. அதே நொடியில் இன்னொரு கோர் வேறு வழியாக அந்தப் பேஜைக் கண்டுபிடித்து அட்டாமிக்காகவே ஒன்று கூட்டுகிறது. கூட்டலில் பிழை இல்லை. ஆனால் இடித்துக்கொண்டிருக்கும் அறைக்குச் சாவி வாங்கியாயிற்று. அதனால் லினக்ஸ் கெர்னல் இப்படிப்பட்ட இடங்களில் "சுழியாக இல்லாவிட்டால் மட்டும் கூட்டு" என்ற செயலைப் பயன்படுத்துகிறது. பார்ப்பதும் கூட்டுவதும் ஒரே அட்டாமிக். அதுவும் முடிந்த பிறகு, கையில் கிடைத்தது தேடிய அதே பேஜ்தானா என்று இன்னொரு முறை பார்க்கிறது. சாவி வாங்குவதற்குச் சற்று முன்னால் அந்த அறை கைமாறியிருக்கலாம் அல்லவா?

இதுவரை சொன்னதன் சாரம்: கோளாறு இடைவெளியில் இருக்கிறது. இடைவெளி ஒரே ஓர் எண்ணுக்குள் அடங்கினால் அட்டாமிக் போதும். பார்ப்பது ஓரிடம், எழுதுவது வேறிடம் என்றாகிவிட்டால் போதாது. அங்கேதான் லாக் வருகிறது.

லாக் எதைக் காக்கிறது

லாக் என்பது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடித்திருக்கக்கூடிய அடையாளம். மண்டப நோட்டைக் கையில் வைத்திருப்பவர் மட்டும் தேதி சொல்லலாம் என்று விதி வைத்தால் அந்த நோட்டே லாக்.

எழுதும் வரியைச் சுற்றி லாக் போட்டால் அந்த வரி பத்திரமாகிவிடும் என்று நினைப்பது பழக்கம். லாக் காக்க வேண்டியது வரியை இல்லை, "நான் பார்த்தது நான் எழுதி முடிக்கும் வரை மாறாது" என்ற உறுதியை. அந்த உறுதி எங்கே தொடங்குகிறதோ அங்கே லாக் பிடிக்க வேண்டும். எங்கே தேவையற்றுப் போகிறதோ அங்கே விட வேண்டும். நோட்டைப் பார்க்க ஒரு முறை கையில் எடுத்து, கீழே வைத்து, எழுத மறுபடி எடுத்தால் இரண்டு முறையும் நோட்டு ஒருவர் கையில்தான் இருந்தது. ஆனாலும் மண்டபம் இரண்டு பேருக்குப் போய்விடும்.

அப்படியானால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பிடித்துக்கொண்டே இருந்தால் என்ன? லினக்ஸ் ஒரு காலத்தில் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. 1996இல் வந்த 2.0 பதிப்பில் பல பிராசஸர் வசதி சேர்ந்தபோது, கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய லாக் வைத்தார்கள். பாதுகாப்பு உண்டு, எத்தனை கோர் இருந்தாலும் கெர்னலுக்குள் ஒன்றுதான் வேலை செய்யும். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து முழுவதும் அகற்றியது 2011இல் வந்த 2.6.39 பதிப்பில். பதினைந்து ஆண்டு உழைப்பு. லாக் ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது முன்பு இல்லாத ஓர் இடைவெளி திறக்க வாய்ப்புண்டு.

இந்தச் சமநிலை கண்ணெதிரே தெரியும் இடம் பேஜ் ஃபால்ட். புரோகிராம் ஒரு முகவரியைத் தொடுகிறது, அதற்கு இன்னும் பேஜ் ஒதுக்கவில்லை என்றால், பிராசஸர் அதை நிறுத்திக் கெர்னலைக் கூப்பிடும். அந்த நிகழ்வுதான் பேஜ் ஃபால்ட். கெர்னல் ஒரு காலி பேஜை எடுத்து, அதைச் சுழிகளால் நிரப்பி, பேஜ் டேபிளில் எழுதிவிட்டுத் திரும்பும்.

இரண்டு த்ரெட்டுகள் ஒரே புது முகவரியை ஒரே நேரத்தில் தொட்டால் இரண்டு கோர்களும் "பதிவு காலி" என்று பார்க்கும், ஆளுக்கு ஒரு பேஜ் எடுக்கும். முதல் கோர் எழுதிவிட்டுப் போகிறது. அதன் த்ரெட் பேஜில் தரவை எழுதுகிறது. அடுத்து இரண்டாவது கோர் அதே பதிவின் மேல் தன் பேஜை எழுதுகிறது. முதல் த்ரெட் எழுதிய தரவு காணாமல் போகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

பேஜ் டேபிளுக்கு உரிய லாக்கை முதலிலேயே பிடித்துக்கொள்ள முடியாது. அது ஸ்பின்லாக் வகை. லாக் கிடைக்காத கோர் தூங்காமல் அதே இடத்தில் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும். காலி பேஜ் எடுப்பதோ தூங்க வேண்டி வரக்கூடிய வேலை. மெமரி நிரம்பியிருந்தால் வேறு எதையாவது டிஸ்கில் எழுதி இடம் பண்ண வேண்டும். டிஸ்க் பதில் சொல்ல 100 மைக்ரோ செகண்ட் ஆனால், 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது 3 லட்சம் துடிப்பு. ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கினால் காத்திருக்கும் கோர்கள் எல்லாம் வீணாகச் சுற்றும். மெஷினே உறைந்து போகலாம்.

அதனால் கெர்னல் வேலையைக் கவனமாக அடுக்குகிறது. லாக் இல்லாமலே முதலில் பார்க்கிறது. லாக் இல்லாமலே பேஜை எடுத்துச் சுழி நிரப்புகிறது. எல்லாம் தயாரான பிறகு லாக்கைப் பிடிக்கிறது, பதிவு இன்னும் காலியாக இருக்கிறதா என்று மறுபடி பார்க்கிறது, காலி என்றால் எழுதுகிறது, லாக்கை விடுகிறது. யாரோ முந்திக்கொண்டிருந்தால், தான் எடுத்த பேஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா வந்துவிடும். த்ரெட் மறுபடி தொடும்போது முந்தியவர் வைத்த பேஜ் அங்கே இருக்கும். மண்டபத்துக்கும் இதே வழிதான். அட்வான்ஸ் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். "உறுதி" என்று சொல்லும் முன் நோட்டைக் கையில் எடுத்து, அந்த வரியை இன்னொரு தடவை பார்த்து, பெயரை எழுதிவிட்டுச் சொல்ல வேண்டும்.

கெர்னல் மெமரி நிரலைப் படிக்க நினைப்பவர்கள் இந்த ஒரு வடிவத்தை முதலில் மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. பல இடங்களில் இதுவே வேறு வேறு உடையில் வரும்.

லாக் ஒன்றுக்கு மேல் போனால் வரிசை முக்கியம். ஒரு கோர் முதல் லாக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருக்க, இன்னொன்று இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதற்குக் காத்திருந்தால் இரண்டும் நகராது. இது டெட்லாக். ரேஸைத் திருத்தப் போய் இதைக் கொண்டு வந்துவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. மெமரிப் பகுதியில் எந்த லாக்கை எதற்கு முன் பிடிக்க வேண்டும் என்ற பட்டியல் லினக்ஸின் ஆர்மேப் என்ற கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கிறது. அதை மீறினால் சுட்டிக்காட்ட, 2006 முதல் லாக்டெப் என்ற சோதனை வசதியும் கெர்னலுக்குள் உண்டு.

சட்டைப் பையில் இருக்கும் துண்டுச் சீட்டு

ஒவ்வொரு முறையும் பதிவேட்டைப் புரட்டினால் நேரமாகும் என்று கவுன்ட்டர்காரர்கள் சமீபத்தில் பார்த்த அறை எண்களை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். பிராசஸரிலும் ஒவ்வொரு கோருக்கும் இப்படி ஒரு சீட்டு உண்டு. அதன் பெயர் டிஎல்பி.

கெர்னல் ஓர் அறையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. முறைப்படி லாக் பிடித்துப் பதிவேட்டில் அடித்துவிட்டது. ஆனால் மற்ற கோர்களின் பையில் பழைய சீட்டு இருக்கிறது. அங்கே ஓடும் த்ரெட் பதிவேட்டைப் பார்க்காமலே பழைய அறைக்குள் போய் எழுதிக்கொண்டிருக்கும். ஹார்டுவேர் நம் லாக்கைப் பிடிப்பதில்லை. அப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

ஆகவே வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: பதிவேட்டில் அடி, எல்லாக் கோர்களிடமும் சீட்டைக் கிழிக்கச் சொல், கிழித்தாயிற்று என்று தெரிந்த பிறகே அறையைக் காலி அறைகளோடு சேர். எக்ஸ்86 பிராசஸர்களில் பொதுவாக ஒரு கோர் மற்றவற்றுக்கு இன்டரப்ட், அதாவது கைவேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்கச் சொல்லும் சைகை, அனுப்பிக் கிழிக்கச் சொல்கிறது. ஏஆர்எம் 64 பிட் பிராசஸர்களில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்லும் கட்டளையே உண்டு. கடைசி இரண்டு படிகள் இடம் மாறினால், பழைய புரோகிராம் எழுதுவது புதிதாகக் குடிவந்தவரின் மெமரியில் விழும். அந்தப் புதியவர் கெர்னலாகவே இருக்கலாம்.

ஜெராக்ஸும் அசலும்: டர்ட்டி கவ்

இவ்வளவும் தெரிந்தவர்கள் எழுதிய நிரலிலும் ரேஸ் எப்படி ஒளிந்திருந்தது என்பதற்கு டர்ட்டி கவ்வை விடத் தெளிவான உதாரணம் இல்லை. சி.வி.இ-2016-5195 என்ற எண்ணோடு 2016 அக்டோபரில் வெளியே தெரிந்த லினக்ஸ் கெர்னல் கோளாறு இது. சி.வி.இ என்பது பாதுகாப்புக் கோளாறுகளுக்குத் தரும் பொதுப் பதிவெண்.

முதலில் காப்பி-ஆன்-ரைட் என்றால் என்ன? கலெக்டர் ஆபீஸில் ஒரு பத்திரத்தைப் பத்துப் பேர் படிக்க வேண்டுமென்றால் பத்து ஜெராக்ஸ் தேவையில்லை. அசலையே எல்லாரும் பார்க்கலாம். அதில் எழுத வேண்டும் என்று ஒருவர் வந்தால் அவருக்கு மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து அதில் எழுதச் சொல்ல வேண்டும். கெர்னலும் பேஜ்களை அப்படித்தான் பகிர வைக்கிறது. எழுதும்போது மட்டும் நகல்.

இனி நிகழ்வு. சாதாரணப் பயனர் ஒருவர், தனக்குப் படிக்க மட்டுமே உரிமையுள்ள ஒரு கோப்பைத் தன் மெமரியில் தனி நகல் முறையில் இணைத்துக்கொள்கிறார். பிறகு அந்த இடத்தில் எழுதித் தரும்படி கெர்னலிடமே கேட்கிறார். அதற்கென்று முறையான வழி உண்டு. கெர்னல் "எழுதுவதற்காக" என்ற குறிப்போடு பேஜைத் தேடுகிறது. கிடைத்தது அசல், எழுதக் கூடாது. ஜெராக்ஸ் எடுத்துப் பேஜ் டேபிளில் வைக்கிறது. நகல் தயாராகிவிட்டதே, இனி அந்தக் குறிப்பு எதற்கு என்று "எழுதுவதற்காக" என்பதை அழித்துவிட்டு மறுபடி தேடப் போகிறது.

அந்த நொடியில் அதே பயனரின் இரண்டாவது த்ரெட், "இந்த இடம் எனக்கு வேண்டாம்" என்று கெர்னலிடம் சொல்கிறது. கெர்னல் ஜெராக்ஸைக் குப்பையில் போடுகிறது. முதல் வேலை தேடும்போது அங்கே எதுவும் இல்லை. கையில் இருக்கும் குறிப்போ "படிப்பதற்காக" என்று மாறிவிட்டது. படிக்க அசல் போதும் என்று அசலைக் கொண்டு வந்து தருகிறார்கள். அதன் மேல் எழுத்து விழுகிறது. நிர்வாகிக்கு மட்டும் உரிமையுள்ள கோப்பு மாறிவிடுகிறது. அங்கிருந்து முழு மெஷினும் கைக்கு வர அதிக தூரமில்லை.

இதில் லாக் இல்லாத இடம் எது என்று தேடினால் கிடைக்காது. புரோகிராமின் எந்த முகவரிப் பகுதி எதற்கு என்று கெர்னல் குறித்து வைத்திருப்பது மெமரி வரைபடம். இரண்டு த்ரெட்டும் அதன் லாக்கைப் பிடித்திருந்தன. அது பலர் சேர்ந்து பிடிக்கக்கூடிய வகை. இரண்டும் "மாற்றப்போவதில்லை" என்ற முறையில் பிடித்ததால் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. பேஜ் டேபிளைத் தொட்ட ஒவ்வொரு முறையும் அதன் லாக்கும் பிடிக்கப்பட்டது. காணாமல் போனது ஓர் உறுதி: "நகல் எடுத்தாயிற்று" என்பது அடுத்த தேடல் வரை உண்மையாகவே இருக்கும் என்ற உறுதி.

திருத்தம் சில வரிகள்தான். "எழுதுவதற்காக" என்ற குறிப்பை அழிக்காமல் வைத்துக்கொள்வது. நகல் எடுத்தாயிற்று என்பதற்குத் தனியாக ஒரு குறிப்பு. தேடிக் கிடைத்த பேஜ் உண்மையிலேயே நகல்தானா என்பதை, பதிவில் உள்ள "எழுதப்பட்டது" என்ற அடையாளத்தை வைத்து மறுபடி சரிபார்ப்பது. பேஜ் ஃபால்ட்டில் பார்த்த அதே மறுபார்வை.

இதன் வரலாறு கெர்னலில் வேலை செய்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த ரேஸை 2005லேயே திருத்த முயன்றார். அந்தத் திருத்தம் ஐபிஎம்மின் எஸ்390 மெயின்ஃப்ரேமில் சிக்கல் கொடுத்ததால் திரும்ப எடுக்கப்பட்டது. 2007இல் வந்த 2.6.22 முதல் 2016 வரை கோளாறு உள்ளேயே இருந்தது. முதலில் ஏட்டளவில் மட்டும் நடக்கக்கூடியது என்று தோன்றிய இடைவெளி, மெமரிப் பகுதி பல கோர்களில் சிறப்பாக ஓடத் தொடங்கியதும் எளிதாகத் தட்டுப்படும் ஒன்றாகிவிட்டது. "ரொம்ப அபூர்வம்" என்பது பாதுகாப்பு ஆகாது: சுழற்சியில் லட்சம் முறை முயல்பவருக்கு ஒரு முறை சிக்கினால் போதும். 2016இன் திருத்தமும் முழுமையாக இல்லை. 2 எம்பி அளவுள்ள பெரிய பேஜ்களுக்கான நிரலில் அதே ஓட்டை இன்னொரு வடிவில் இருந்ததை 2017 நவம்பரில் கண்டுபிடித்து, அதற்குத் தனித் திருத்தம் வந்தது.

படிப்பவர் லாக்கோடு எழுதினால்

டர்ட்டி கவ்வில் பார்த்த, பலர் சேர்ந்து பிடிக்கக்கூடிய லாக் வகைக்குப் படிப்போர்-எழுதுவோர் லாக் என்று பெயர். படிப்பவர்கள் எத்தனை பேரும் ஒன்றாக இருக்கலாம், எழுதுபவர் தனியாகத்தான். லினக்ஸில் ஒவ்வொரு புரோகிராமின் மெமரி வரைபடத்துக்கும் இந்த வகையில் எம்மேப் லாக் என்று ஒன்று உண்டு. கோர்கள் பெருகப் பெருக இந்த ஒரு லாக்கில் கூட்டம் சேர்ந்ததால், 2023இல் வந்த 6.4 பதிப்பில் வரைபடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் சிறு லாக் தனியாக வந்தது.

படிப்பவராகப் பிடித்துக்கொண்டு எழுதினால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூலையில் வெளியான ஸ்டாக்ராட், சி.வி.இ-2023-3269, காட்டியது. புரோகிராம் தன் தற்காலிகக் கணக்குகளை அடுக்கி வைக்கும் மெமரிப் பகுதி ஸ்டாக். அது கீழ்நோக்கி வளரும்போது வரைபடம் சற்று மாறும். அந்த மாற்றத்தைப் படிப்பவர் லாக்கோடு செய்வது பழைய வழக்கம். ஓர் எல்லை எண் மட்டும் மாறிய காலத்தில் அது தாங்கியது. 6.1இல் வரைபடத்தைப் புதிய மர அமைப்புக்கு மாற்றியபோது, அதே சிறு மாற்றம் மரத்தின் ஒரு கணுவையே எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கும் வேலையானது. பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த கோரின் கையில் பழைய கணு, அதன் மெமரியோ விடுவிக்கப்பட்டாயிற்று. திருத்தம்: ஸ்டாக்கை வளர்க்க வேண்டுமானால் எழுதுபவர் லாக் கட்டாயம். லாக் விதியில் யாரும் கை வைக்கவில்லை. அடியில் இருந்த அமைப்பு மாறியது, பழைய விதி பொய்த்துப்போனது.

லாக்கே இல்லாமல் படிக்கவும் ஒரு முறை உண்டு. ஆர்சியூ என்று பெயர், 2002 முதல் லினக்ஸில் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் புது நேர அட்டவணையை ஒட்டும்போது, பழையதைப் படித்துக்கொண்டிருப்பவர் முகத்துக்கு நேரே கிழிக்காமல், புதியதைப் பக்கத்தில் ஒட்டி, பழையதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நகர்ந்த பிறகு அகற்றுவது போல. படிப்பவருக்குச் செலவு ஏறத்தாழ இல்லை. தான் படிக்கிறேன் என்று அறிவிக்காதவருக்குப் பாதுகாப்பும் இல்லை.

சுருக்கமாக: அட்டாமிக், லாக், மறுபார்வை, ஆர்சியூ நான்கும் ஒரே இடைவெளியை வெவ்வேறு செலவில் அடைக்கும் வழிகள். எதைத் தேர்ந்தாலும் முதலில் எந்த உண்மை எதுவரை மாறாதிருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். எழுத முடியவில்லை என்றால் திருத்த இன்னும் நேரம் வரவில்லை.

கண்டுபிடிப்பதும் திருத்துவதும்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் முதல் கோர், வலப்பக்கம் இரண்டாவது. நேரம் மேலிருந்து கீழே. இருவர் செய்வதையும் படி படியாக எழுதி, எந்த இடத்தில் இடப்பக்கம் நம்பியது பொய்யாகிறது என்று குறியுங்கள். கெர்னல் திருத்தங்களின் விளக்கவுரையில் இந்த இரண்டு பத்திப் படம் அப்படியே இடம்பெறுவது வழக்கம். படம் இல்லாமல் "ரேஸைச் சரிசெய்தேன்" என்று மட்டும் சொல்லும் திருத்தத்தை நம்புவது கடினம்.

அடுத்து, குறித்த இடத்தில் வேண்டுமென்றே சில மில்லி செகண்ட் தாமதம் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஊகம் சரியென்றால் லட்சத்தில் ஒரு முறை வந்த கோளாறு அடுத்தடுத்து வரும். தாமதம் இங்கே பூதக்கண்ணாடி. அதையே மருந்தாக விட்டுவிட்டால் இடைவெளி வேறு நேரத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான். 2020இல் 5.8 பதிப்பில் சேர்ந்த கேசிசான் என்ற கருவி இதைத் தானாகவே செய்கிறது: ஒரு மெமரி இடத்தைக் கண்காணிப்பில் வைத்து, சாதாரணமாக 80 மைக்ரோ செகண்ட் வரை அந்தக் கோரை நிறுத்தி, வேறு யாராவது அதே இடத்தைத் தொடுகிறார்களா என்று பார்க்கும். விடுவித்த மெமரியைத் தொடுவதைப் பிடிக்க 2015 முதல் கேசான் இருக்கிறது. சிஸ்காலர் என்ற கருவி கெர்னல் அழைப்புகளை ஏறுமாறாகக் கலந்து அனுப்பி இடைவெளிகளைத் தேடும்.

கேசிசான் பிடிப்பது முக்கியமாக, லாக் இல்லாமல் ஒரே இடத்தை இருவர் தொடும் டேட்டா ரேஸை. மண்டப நோட்டை முறையாக இரண்டு முறை கையில் எடுத்தவரை அது பிடிக்காது; அங்கே தொட்ட ஒவ்வொரு முறையும் லாக் இருந்தது. அதைப் பிடிக்க அந்த இரண்டு பத்தித் தாள்தான் வழி.

இதை நேரில் பார்க்கக் கெர்னலைத் தொட வேண்டியதில்லை. காலாப்பட்டிலோ கடலூரிலோ கல்லூரி லேபில் இருக்கும் லினக்ஸ் மெஷின் போதும். சி மொழியில் ஒரு பொது எண், இரண்டு த்ரெட்டுகள், ஒவ்வொன்றும் அந்த எண்ணில் 10 லட்சம் முறை ஒன்று கூட்டட்டும். விடை 20 லட்சம் வர வேண்டும். பெரும்பாலும் குறைவாக வரும், ஒவ்வொரு முறையும் வேறு எண்ணாக. நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு ஆப்டிமைசேஷன் (வேகப்படுத்தும் வசதி) கொடுத்தால் அது சுழற்சி முழுவதையும் "10 லட்சம் கூட்டு" என்று சுருக்கி, சரியான விடை வந்தது போல ஏமாற்றலாம். எண்ணை வோலட்டைல் என்று அறிவித்தால் சுருக்காது. சோதனைக்காக மட்டும் இது. வோலட்டைல் ரேஸைத் திருத்தாது. பிறகு கூட்டலைச் சுற்றி மியூடெக்ஸ் என்ற லாக்கைப் போடுங்கள்: ஒவ்வொரு முறையும் சரியாக 20 லட்சம்.

கடைசியாக ஒரு மாற்றம். லாக் பிடித்து, எண்ணை ஒரு தற்காலிக மாறியில் படித்து, லாக்கை விடுங்கள். ஒன்று கூட்டுங்கள். மறுபடி லாக் பிடித்து, திரும்ப எழுதி, லாக்கை விடுங்கள். எண்ணைத் தொடும் ஒவ்வொரு வரிக்கும் இப்போது லாக் உண்டு. ஓட்டிப் பாருங்கள், விடை மறுபடி 20 லட்சத்துக்குக் கீழே போயிருக்கும்.